குட்டிம்மாவாக நடித்தவர்கள்

ராஜபாளையம்
9.6.2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். போன வருஷம் ஏப்ரலிலிருந்து என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஆல்வின் அத்தானுக்குப் போட்டால் "அவ குளிக்கா", "அவ கோயிலுக்குப் போயிருக்கா" என்கிறார். ஒரு மனுஷி பதினாலு மாதமாகவா குளிப்பாள்? அதனால்தான் கடிதம். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் தபாலையாவது வாங்குவாய் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். 'பெரிய கூடம்' நாலாவது பாகம் எடுக்கிறார்கள். மூன்றாவது வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டதாம். பழைய டைரக்டர் இல்லை, அவர் மகன் எடுக்கிறார். அப்பாவாக நடித்த சபாபதி சார் வருகிறார். எண்பத்து மூன்று வயது. அம்மாவாக நடித்தவர்கள், அந்த இரண்டு அண்ணன்மார், எல்லாரும் வருகிறார்கள். அதே சேத்தூர் வீடு. படத்துக்கு 'மறுபடியும் பெரிய கூடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் போன் செய்து, "குட்டிம்மா இல்லாம எப்படி மேடம்?" என்று கேட்டார்கள். நான் அப்போது சத்திரப்பட்டி யூனிட்டில் பேண்டேஜ் கட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

இப்போது உன்னிடம் எதற்கு வருகிறேன் என்றால், முதல் இரண்டு பாகத்துக் காட்சிகளையும் ஸ்டில்களையும் இதில் சேர்க்கப்போகிறார்களாம். நடித்தவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போனில் பேசிய பையன், "மூணு படத்துலயும் நீங்கதான மேடம்?" என்று கேட்டான். நான் "ம்" என்றேன். பிறகு படிவம் வந்தது. அதில் பிறந்த வருஷம் கேட்கிறது. முதல் படம் வந்த 1989இல் எனக்கு இரண்டு வயது. எண்ணத் தெரிந்த எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

நீ எதற்காகக் கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான். ஷூட்டிங் பார்க்கப் போக எனக்கு முன்னால் அவள் புது ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

ஸ்வீட்லின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.6.2025

ஸ்வீட்லின்,

உன் கடிதம் 11ஆம் தேதி கிடைத்தது. 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பியிருக்கலாம். எங்கள் போஸ்ட்மேன் காளிராஜ் முன்னால் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

காரணம் உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் ஒரு முறை எழுத்தில் இருக்கட்டும்.

போன வருஷம் அந்த யூடியூப் சேனலில் பேட்டி கொடுத்தாய். அவர்கள் முதல் பாகத்துக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, கூடத்தின் நடுவே சுண்ணாம்பால் கோடு போடுகிறார்கள். குட்டிம்மா தலையணையை இழுத்துக்கொண்டு வந்து கோட்டுக்குக் குறுக்கே படுக்கிறாள். "என் தலை பெரியப்பா வீட்ல, காலு அப்பா வீட்ல" என்று சொல்லி அழுகிறாள். ஊரெல்லாம் அந்தக் காட்சியைத்தான் பேசியது. பேட்டி எடுத்தவர், "அந்த வயசுல எப்படி மேடம் அப்படி அழுதீங்க?" என்று கேட்டார். நீ, "தெரியல சார், தானா வந்துச்சு" என்றாய்.

தானாக வரவில்லை. உனக்கு எப்படித் தெரியும்? நீ அம்மா இடுப்பில் இருந்தாய். அம்மா காமிராவுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஒழுங்கா அழலன்னா உன்ன இங்கனயே விட்டுட்டுப் பாப்பாவத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள். அவள் வாசல்வரைக்கும் நடந்தும் காட்டினாள். அதற்குத்தான் அழுதேன்.

இரண்டாம் பாகத்திலும் நான்தான். மூன்றாம் பாகத்துக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. படத்தில் மட்டும் அந்தப் பிள்ளைக்கு வயது ஏறவில்லை, ஏழிலேயே நின்றது. எனக்கு அளவெடுத்து ரோஸ் நிறத்தில் கவுன் தைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டு போய் நின்றேன். டைரக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குட்டிம்மா வளந்துட்டாளேப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சின்னவ வேன்ல இருக்கா சார், கூட்டியாரேன்" என்றாள். என் மேலிருந்து கவுனைக் கழற்றி உனக்குப் போட்டார்கள். என் பாவாடை சட்டை வேறு வண்டியில் போயிருந்தது. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

நீ குழந்தை. உன்மேல் அன்றைக்குக் குற்றமில்லை. போன வருஷம் நீ குழந்தை இல்லை.

பியூலா


ராஜபாளையம்
25.6.2025

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை யூனிட்டில் வைத்துப் படித்தேன். வீட்டில் படித்தால் அம்மா என்னவென்று கேட்பாள்.

துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஊக்குதான். கவுன் எனக்கு லூஸாக இருந்தது. முதுகில் பதினோரு ஊக்குக் குத்தியிருந்தார்கள். "அசையாதட்டி, குத்தும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் அம்மா. மூன்றாம் பாகத்தில் குட்டிம்மா ஏன் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எல்லாரும் கேட்டார்கள். அதனால்தான். அந்தப் படத்தை இங்கே இரண்டு வாரத்தில் தூக்கிவிட்டார்கள். நீ வளர்ந்ததால் ஓடவில்லை என்று அப்பா சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

பேட்டி விஷயம். நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இதையும் கேள். நம் இரண்டு பேருக்கும் ஒரே முகம், நான் இந்த ஊரிலேயே இருந்துவிட்டேன், நீ கல்யாணமாகிப் போய்விட்டாய். இருபது வருஷமாக யூனிட்டில், பஸ்ஸில், கோயில் அசன விருந்தில், யாராவது ஒருத்தி வந்து, "தலை பெரியப்பா வீட்லன்னு ஒருக்கச் சொல்லுங்களேன்" என்பாள். முதலில் எல்லாம், "அது நானில்ல, எங்கக்கா" என்றுதான் சொன்னேன். கேட்டவர்கள் முகம் அப்படியே விழுந்துபோகும். என்னிடம் ஏதோ வாங்க வந்து கடை பூட்டியிருந்த மாதிரிப் போவார்கள். ஒரு நாள் சொல்லிக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காமிரா முன்னால் உட்கார்ந்தபோது வாய் பழக்கத்தில் போய்விட்டது. இது சாக்கு என்று நீ சொல்வாய். சொல்லு.

எனக்கு இந்த வேஷம் வேண்டும், அக்கா. நான் சரியாக நடித்ததே இல்லை. என் அளவுக்குத் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு தடவையாவது குட்டிம்மாவாக நிற்க வேண்டும். பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்க்கிறேன். அம்மா, "ஏட்டி, பல்லு வலிக்கா?" என்கிறாள்.

படிவத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஸ்வீட்லின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.7.2025

ஸ்வீட்லின்,

உனக்கு அளவெடுத்தே தைக்கட்டும். அதற்கு என் கையெழுத்து எதற்கு? என் காட்சிகள் இல்லாமல் படம் எடுக்கச் சொல்.

படிவம் இதோடு.

அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பழைய மாத்திரையையே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாயா? அது வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் அப்போதே சொன்னார்.

பியூலா


ராஜபாளையம்
22.7.2025

அன்பான அக்காவுக்கு,

நான் செத்துப்போய்விட்டேன். நாலாம் பாகத்தில்.

சனிக்கிழமை சேத்தூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா புது ரவிக்கையோடு கூட வந்தாள். அந்த வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உள்ளே கூடம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பெண் எனக்குத் தலை சீவி, மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டிவிட்டு, நாம் வைக்காத பொட்டும் வைத்தாள். ரவிக்கை எனக்கே அளவெடுத்தது. கச்சிதமாக இருந்தது. உட்காரவைத்து லைட் போட்டு, "கொஞ்சமாச் சிரிங்க மேடம்" என்று முப்பது நாற்பது போட்டோ எடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். என் வசனம் எங்கே என்று கேட்டேன். அசிஸ்டெண்ட் டைரக்டர் ஒருத்தர் இருக்கிறார், ஜெர்வின் என்று பெயர், நாகர்கோவில் பக்கம். போனில் பேசியது அவர்தான். அவர் பதில் சொல்லாமல் இன்னொருத்தரிடம் திரும்பி, "சந்தன மாலையா, பூ மாலையா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு மாலை?" என்றேன்.

"மேடம், உங்ககிட்ட யாரும் கதையே சொல்லலியா? குட்டிம்மா தவறிப்போயிட்டாங்க. அவங்க காரியத்துக்குத்தான் பிரிஞ்சு கிடந்த குடும்பம் மொத்தமும் ஊருக்கு வருது. படம் பூரா நீங்க இருப்பீங்க மேடம், சுவர்ல."

சிரிக்காதே. நானே சிரித்துவிட்டேன். சிரிக்கும்போது அந்தப் பட்டுச் சேலையைக் கசக்கிவிடக் கூடாது என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அம்மா கொஞ்சம் சத்தம் போட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதா என்று. அதை விடு.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். போட்டோதானே. படிவத்தைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். உன் படம் எதுவும் வேண்டாம் என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் கூடத்துக் காட்சி எடுக்கிறார்கள். நான் போக வேண்டியதில்லை. சுவரில் இருந்தால் போதும்.

மிச்ச லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மாத்திரையை மாற்றிவிட்டேன்.

ஸ்வீட்லின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.8.2025

அன்புள்ள ஸ்வீட்லின்,

நேற்று நான் சேத்தூருக்குப் போயிருந்தேன்.

ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆராதனைக்குக் கிளம்பித்தான் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். ராஜபாளையம் பஸ் நின்றது, ஏறிவிட்டேன். அங்கிருந்து சேத்தூர் பஸ். பைபிள் கையில் இருந்தது.

தெருவில் நல்ல கூட்டம். கயிறு கட்டியிருந்தார்கள். கையில் பைபிளைப் பார்த்தோ என்னவோ, ஒருவர் வழி விட்டார். கூடத்து வாசல்வரைக்கும் போய்விட்டேன்.

எதிர்ச்சுவரில் உன் படம் இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிய படம். மல்லிகை மாலை போட்டு, கீழே குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். நல்ல போட்டோ. என் கல்யாண ஆல்பத்தில்கூட நீ இப்படிச் சிரித்ததில்லை.

சபாபதி சார் படத்துக்கு முன்னால் வந்து நின்று, "என்னை முந்திக்கிட்டியேம்மா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் காட்சி. அவருக்கு வசனம் மறந்துபோகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணில் கிளிசரின் போட்டு, துடைத்து, மறுபடி நிற்கவைக்கிறார்கள். பின்னால் குடும்பம் முழுவதும் நின்று அழுகிறது. நான் எண்ணினேன், ஆறு டேக். அவர்கள் நடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அந்த நேரத்தில் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாய் என்றும் தெரியும். ஆனாலும் முப்பது பேர் உன் படத்தைப் பார்த்து அழ, பதினாறு மாதமாக உன்னோடு பேசாத நான் ஒருத்தி மட்டும் பேசாமல் நிற்கிறேன். ஏழாவது டேக்கில் அவர் வசனத்தைச் சரியாகச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்க இந்த ஊரா?" என்றார். "ஸ்ரீவில்லிபுத்தூர், போஸ்ட் ஆபீஸ்" என்றேன். "நல்ல வேலை" என்றார். முதல் பாகத்தில் என்னை அவர் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அந்த ஜெர்வின் வந்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டார். "சுவர்ல இருக்கவளோட அக்கா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்போ அந்தப் பெரிய பொண்ணு நீங்கதானா?"

எந்தப் பெரிய பொண்ணு என்று கேட்டேன். சொன்னார். நீ எனக்கு எழுதாமல் விட்டதையெல்லாம் சொன்னார். அம்மா போட்ட சத்தம் வெறும் சத்தமில்லை. "சின்னவ படம் வேண்டாம். பெரியவ ஒருத்தி இருக்கா, மொத ரெண்டு படத்துல அவதான் நடிச்சா. அவ படத்தை மாட்டிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். டைரக்டரும், "அதுவும் நல்லாத்தான் இருக்கும், அவங்க போட்டோ இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பர்ஸிலிருந்து என் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்தே கொடுத்திருக்கிறாள். நீ அதைப் பிடுங்கியிருக்கிறாய். "எங்கக்கா படத்துல மாலை விழுந்துச்சுன்னா, நான் இந்த வாசல்லயே உக்காந்துருவேன். என்னுதே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாய்.

ஜெர்வின் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. அவர்கள் கொடுத்த பொங்கலை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, அந்தப் படிவம் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தேன்: 'முதல் இரண்டு பாகங்களில் குட்டிம்மா, பியூலா. மூன்றாவது, நான்காவது, ஸ்வீட்லின்.' டைட்டிலில் அப்படிப் போடுவார்களா என்று கேட்டேன். "சொல்லிப் பாக்குறேன் மேடம்" என்றார். அந்தப் பதிலை நானும் கவுண்டரில் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.

திரும்பும்போது ராஜபாளையத்தில் இறங்கினேன். உங்கள் தெரு முக்குவரைக்கும் வந்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். செத்த நேரம் நின்று பார்த்தேன். அவளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

பியூலா


ராஜபாளையம்
18.8.2025

அன்பான அக்காவுக்கு,

முக்குவரைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் அப்போது அடுப்படியில்தான் இருந்தேன். மீன் குழம்பு வைத்திருந்தேன், அதுவும் உனக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டு. இதை எழுதுவதற்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அம்மா சொன்னது உனக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தேன். அந்த ஜெர்வின் வாயில் பஞ்சு வைத்து அடைத்திருக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் அதற்கா பஞ்சம்?

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்டேன். "பெரியவ படத்தை எப்படிம்மா எடுத்துக் குடுத்த? அவளும் உன் பிள்ளதான?" அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழி தாண்டியாச்சு. பிறகு, "பெரியவ எதையும் தாங்கிக்கிடுவா. நீ தாங்க மாட்ட" என்றாள். அவ்வளவுதான். அவள் அதைக் கெட்டதாகச் சொல்லவில்லை, அக்கா. உன்னைப் புகழ்ந்து சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னாள். அந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை அவள் பர்ஸில் வைத்திருந்தாள் பார், அதையும் யோசி. என் படம் அவள் பர்ஸில் இல்லை. நான் எதிரிலேயே இருப்பதால் இருக்கலாம்.

பேட்டி வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டேன். 'அந்தத் தலையணைக் காட்சியில் நடித்தது நான் இல்லை, என் அக்கா பியூலா' என்று. ஏற்கெனவே நாலாயிரம் கமென்ட் கிடக்கிறது. ஒருத்தர் மட்டும் பதில் போட்டார்: 'யாரா இருந்தா என்ன, செம சீன்.' சேனல்காரர்களுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. யூனிட்டில் பாலம்மாளிடம் சொன்னேன். "அப்போ இம்புட்டு நாளும் டூப்பா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "உங்கக்காவ ஒருக்கக் கூட்டிட்டு வா" என்றாள்.

இப்போது ஒரு சங்கடம். ஷூட்டிங் முடிந்து அந்தப் பெரிய படத்தை ஜெர்வின் என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார், மரியாதை என்று நினைத்து. காய்ந்த மாலையோடு. அம்மா வீட்டுக்குள் விடவில்லை. "ஒடைச்சுப் போடு, இல்லன்னா ஆத்துல விடு" என்கிறாள். பாஸ்டர், அது வெறும் படம்தான் என்கிறார், ஆனால் அவரும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. என்னாலும் உடைக்க முடியவில்லை. என் மூஞ்சிதானே. இப்போதைக்கு யூனிட்டில் ஸ்டோர் ரூமில், பேண்டேஜ் துணியைச் சுற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். ஓனர் பார்த்தால் என்ன சொல்லப்போகிறாரோ. என்ன செய்யட்டும்?

ஸ்வீட்லின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.8.2025

அன்புள்ள ஸ்வீட்லின்,

உடைக்காதே. ஆற்றிலும் விடாதே. மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தை எனக்குக் கொடு. எங்கள் வீட்டு முன்னறையில் காலண்டர் பக்கத்தில் ஆணி அடித்தாகிவிட்டது. ஆல்வின் நேற்றே அடித்துக் கொடுத்தார். யார் என்று கேட்பவர்களிடம் என் தங்கச்சி, ராஜபாளையத்தில் இருக்கிறாள் என்று சொல்வேன். பொட்டை மட்டும் பார்த்தும் பாராமலும் விட்டுவிடலாம்.

அம்மாவிடம் ஒன்று சொல். பெரியவளும் தாங்க மாட்டாள். சேத்தூரில் அன்றைக்கு ஏழு தடவை நின்று பார்த்தாள், அவளால் முடியவில்லை. இதை நீ சொன்னால் போதும், நான் நேரில் சொன்னால் சண்டையாகிவிடும்.

படத்தைத் தபாலில் அனுப்பிவிடாதே. எத்தனை துணி சுற்றினாலும் கண்ணாடி உடைந்துதான் வரும், பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். 31ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நீயே எடுத்துக்கொண்டு வா. பஸ்ஸில் மேலே லக்கேஜ் கம்பியில் வைக்காமல், மடியில் வைத்துக்கொள்.

பியூலா